பழுதாகாத மோட்டாரும் அந்தோணிசாமி மேஸ்திரியும்

போன வாரம் ஒரு காலை, திண்டிவனம் பஸ் வந்து நின்றதும் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏஜெண்டு, ஓலை மேஸ்திரி போய்ட்டாரு. சாயங்காலம் அடக்கம்" என்றார்.

நான் செஞ்சி பஸ் நிலையத்தில் டிக்கெட் கிழிப்பவன். ஊரில் யார் வீட்டில் என்ன குழம்பு கொதிக்கிறது என்பது அந்த வீட்டுக்காரருக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும் என்பாள் என் மனைவி. அதில் பாதிதான் பொய். வரிசையில் நின்றவர் "எந்த மேஸ்திரி?" என்றார். "அந்தோணிசாமி மேஸ்திரி" என்றேன்; அவருக்கு விளங்கவில்லை. "ஓலை மேஸ்திரிங்க" என்று டிரைவர் சொன்னதும், "அட, அவரா" என்று சிரித்தவர், கேட்டது சாவுச் செய்தி என்பது உறைத்து வாயை மூடிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அந்தப் பெயரை வைத்தவனே நான்தான்.

மேஸ்திரி எங்கள் முதலாளியின் பஸ்களுக்கு மின்சார வேலை பார்த்தவர். அடக்கமானவர் என்று எழுத ஆசைதான்; எழுதினால் அவரே எழுந்து வந்து மறுப்பார். தம் கைத்திறனைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால், கேட்டவர் பஸ்ஸைத் தவறவிடுவார். பேச்சுக்குத் தகுந்த வேலையும் இருந்தது. ஒரு முறை புதிதாகப் பெயிண்ட் அடித்த பஸ்ஸில், முதல் மழையிலேயே கண்ணாடி துடைக்கும் வைப்பர் அசையாமல் நின்றது. முதலாளி புது மோட்டாருக்குச் சென்னைக்கு எழுதக் கிளம்பினார். மேஸ்திரி, மோட்டாருக்கு வரும் கம்பியில் சின்ன பல்பு ஒன்றை வைத்துப் பார்த்தார், எரிந்தது. பிறகு ஒரு துண்டு ஒயரை எடுத்து மோட்டாரின் உடம்பிலிருந்து வண்டியின் வெறும் இரும்புக்குப் பிடித்தார். வைப்பர் ஆடத் தொடங்கியது.

"கரண்டு வருது, திரும்பிப் போவத்தான் வழியில்ல. ஸ்க்ரூ அடியில பெயிண்ட்ட பூசி வச்சிருக்கான். மோட்டார ஏன் திட்டறீங்க, பெயிண்டர திட்டுங்க" என்றார். கத்தியால் நாலு சுரண்டு, வேலை முடிந்தது. அந்தக் கதையை மழைக்காலம் முழுவதும் எங்களுக்குச் சொன்னார்.

பிறகு உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காமல், கரி வாயுவில் வண்டியை ஓட்ட, பஸ்களின் பின்னால் கரி அடுப்பு உருளையை மாட்டினார்கள். கரி பற்றி வாயு வருகிற வரை காற்றாடியைக் கையால் சுற்ற வேண்டும். அதற்கென்று சிங்கவரத்திலிருந்து கன்னியப்பன் வந்தார். அவருக்குக் காணி நிலம் கிடையாது. வீடு நிறையப் பிள்ளைகள் உண்டு. கொஞ்ச நாளில் முதலாளி எங்கிருந்தோ மோட்டார் வைத்த காற்றாடி ஒன்றை வாங்கி வந்தார். "இது ஓடிடுச்சின்னா கன்னியப்பன நிறுத்திடலாம்" என்று கன்னியப்பன் காதில் விழும்படியே சொன்னார்.

முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரத்தில் மேஸ்திரி அதைப் பொருத்தி ஓடவிட்டுப் பார்த்தார். அருமையாகச் சுழன்றது. நிறுத்தினார். கரி கொட்டும் ஓலைக் கூடையிலிருந்து ஒரு நறுக்கைப் பிய்த்து, மோட்டாருக்குள் மின்சாரத்தைத் தொட்டுக் கொடுக்கிற கரிக்கட்டையின் அடியில் செருகினார். நிமிர்ந்தால் எதிரே நான்.

"இன்னா ஏஜெண்டு, பார்த்துட்டியா?"

"பார்த்துட்டேன்."

"இது ஓடினா அவன் ஊட்டுல அடுப்பு எரியாது. உன் வாய் தாங்குமா?"

"தாங்கற வரைக்கும் தாங்கும் மேஸ்திரி."

முதலாளி வந்து ஸ்விட்சைப் போட்டார், ஓடவில்லை. "கருகிப் போன சரக்க உங்க தலைல கட்டிட்டாங்க" என்றார் மேஸ்திரி. அதற்குப் பிறகு முதலாளி நச்சரிக்கும்போதெல்லாம் மோட்டாரைக் கழற்றுவார், உதட்டைப் பிதுக்குவார், மாட்டிவிடுவார். பொய் அவரை அரித்தது. கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு நேரே என்னிடம் வருவார்.

"சாமியார்கிட்ட சொல்லிட்டேன். ஓலைய எடுத்துடுன்றாரு."

"எடுத்துட்டீங்களா?"

"பார்க்கறேன்னு சொல்லியிருக்கேன்."

கடைசியில் முதலாளி விழுப்புரத்திலிருந்து வேறொரு மெக்கானிக்கை அழைத்து வந்தார். அவர் பஸ் நிலையத்தில் எல்லோர் முன்னாலும் மோட்டாரைப் பிரித்து, ஓலை நறுக்கைத் தூக்கிப் பிடித்தார். "கட்டை ஆடுதுன்னு ஓலைய முட்டுக் குடுத்த புண்ணியவான் யாருய்யா? இத வச்சா கரண்டு எப்படிப் போவும்?"

முதலாளி மேஸ்திரியைப் பார்த்தார். வேண்டுமென்றுதான் வைத்தேன் என்றால் தொழில் தெரிந்தவர் என்ற பெயராவது மிஞ்சும். ஆனால் கன்னியப்பனும் கூட்டுக்களவாணி ஆகிவிடுவார். மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டு, "தெரியாம வச்சிட்டேன்" என்றார். தெரியாது என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன்.

அப்போது நான் வாயைத் திறந்தேன். "விடுங்க முதலாளி. அடுத்த வாட்டி நின்னா மேஸ்திரி மோட்டாருக்குக் கூரையே வேஞ்சிடுவாரு. ஓலை மேஸ்திரின்னு போர்டு எழுதிடலாம்."

நிலையமே சிரித்தது. முதலாளியும் சிரித்தார், அவர் சந்தேகம் அதோடு போயிற்று. அதற்காகத்தான் சொன்னேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாதி உண்மைதான். மறுபாதி, வேடிக்கை நன்றாக வாய்த்துவிட்டது, விட மனமில்லை.

மோட்டார் ஓடியது. கன்னியப்பன் கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கும் கூலிக்குப் போனார். சண்டை முடிந்து, பெட்ரோலும் மெல்ல வரத் தொடங்கியதும் உருளையும் மோட்டாரும் பழைய இரும்புக்குப் போயின. பெயர் மட்டும் போகவில்லை. ஓலை மேஸ்திரியிடம் எங்கள் முதலாளி உட்பட எந்தப் பஸ்காரரும் வண்டியை விடவில்லை. வைப்பர் கதையை அவர் பிறகு யாருக்கும் சொல்லவில்லை. ஒரு நாள் நிலையத்துப் பக்கம் வந்தவர், "வாய் இன்னும் தாங்குதா ஏஜெண்டு?" என்று கேட்டார். தாங்குகிறது என்றேன். "நல்லது" என்று நடந்துவிட்டார்.

அடக்கத்துக்குக் கன்னியப்பன் வந்திருந்தார். தனியே அழைத்துப் போய், "கன்னியப்பா, அந்த ஓலை இருக்குதே" என்று தொடங்கினேன்.

"தெரியுங்க ஏஜெண்டையா. தெனமும் நான் கரி கொட்டின கூடையாச்சே. ஓலைய பிச்ச எடம் எனக்குத் தெரியாதா?"

"அவர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"எந்த மூஞ்சிய வச்சிக்கினு சொல்றது? நீங்க போர்டு எழுதலாம்னு சொன்னப்ப நானுந்தான் சிரிச்சேன். சிரிக்கலன்னா முதலாளி என்னைப் பார்ப்பாரேன்னு பயம். முதலாளி பார்க்கல. மேஸ்திரி பார்த்துட்டாரு."

குழியை மூடும்போது கன்னியப்பன் ஒருவரிடமிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். எனக்குக் கிடைக்கவில்லை, குந்தி உட்கார்ந்து கையாலேயே மண்ணைத் தள்ளினேன். பக்கத்தில் நின்றவர்கள், நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்வேன் என்று என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அடுத்த கை மண்ணைத் தள்ளினேன்.

போய் வாருங்கள், மேஸ்திரி. மன்னிப்புக் கேட்க எங்கள் இருவருக்கும் வாய் எழவில்லை. மேட்டை மட்டும் ஒரு கட்டி இல்லாமல் தட்டிச் சீராக்கிவிட்டு வந்தோம்.