பல் படாத பொம்மைகள்

சாவியம்மா என்ற பெயரைத் தையல்காரி முதன்முதலில் கேட்டது, பள்ளிச் சீருடைக் கால்சட்டை ஒன்றின் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்த காலைவேளையில். சொன்னவள் நாத்தனார். தையல்காரியின் மகளுக்கு ஒன்றே கால் வயது. இடுப்பில் துணி கட்டி, மறுமுனையைக் கட்டில் காலில் முடிந்திருந்தார்கள்.

"ஏன் அண்ணி, கன்னுக்குட்டியா வளக்குறீங்க?"

"நீயே பாரு. இருக்கிறது ஒரே அறை. இந்தப் பக்கம் மிஷின், அந்தப் பக்கம் இஸ்திரிப்பெட்டி. அவுத்துவிட்டா எங்க நடப்பா?"

ஒன்றரை வயதுக்குள் நடக்கவில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிடுவேன் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அதிலிருந்து தையல்காரிக்குச் சோறு இறங்கவில்லை.

"சமூகக் கூடத்துல தினம் காலைல சின்னக் குழந்தைங்களுக்கு இடம் விட்டிருக்காங்க. இலவசம். பேர் பதிய வேணாம், அம்மாவும் கூடவே உக்காந்துக்கலாம். என்ன, அங்க சாவியம்மா இருக்கு."

சாவியம்மா நாத்தனாருக்கு உறவு. மாமியாரின் ஒன்றுவிட்ட தங்கைக்கு மூத்த மருமகள். புது சோபா வாங்கி, அதன் பிளாஸ்டிக் உறையைப் பதினொரு வருடம் கழற்றாதவள். வெயில் காலத்தில் விருந்தாளிகள் எழுந்தால் உறையும் கூடவே எழும். சொந்தத் தங்கையின் பிள்ளை அதில் ஏறிக் குதித்ததற்கு, தங்கையோடு ஆறு மாதம் பேச்சில்லை. குழந்தை என்றாலே முகம் சுளிக்கும் இந்தப் பிறவியைத்தான் குழந்தைகள் அறைக்குப் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். அவளுடைய கொழுந்தன் கூடத்தின் குழுவில் இருந்தான். வேறென்ன தகுதி வேண்டும்?

வாசலில் 'எப்போது வேண்டுமானாலும் வரலாம்' என்று பலகை. பத்து மணி தாண்டினால் கதவில் தாழ்ப்பாள். உள்ளே ஒரு பாய், நான்கு மரக்கட்டைகள், தலையில்லாத ஒரு வாத்து. சுவரோரம் கண்ணாடி அலமாரி. பொம்மையெல்லாம் அதற்குள், வாங்கிய உறையோடு, பூட்டுக்குப் பின்னால். குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்க்கும். ஒவ்வொரு மூக்கு விலகியதும் சாவியம்மா துணியோடு வந்து துடைப்பாள். அதுதான் அவள் பார்த்த வேலை.

தையல்காரியின் மகள் தினமும் தவழ்ந்துபோய் அலமாரியின் கைப்பிடியைப் பிடித்து எழுந்து நிற்பாள். உள்ளே ஒரு சிவப்புத் தள்ளுவண்டி. அதைப் பார்த்தபடியே நிற்பாள், அடி எடுத்து வைக்கமாட்டாள்.

"அந்த வண்டியக் கொஞ்சம் குடுத்தீங்கன்னா, பாப்பா பிடிச்சுக்கிட்டு நடப்பா" என்று தையல்காரி ஒருநாள் கேட்டுப் பார்த்தாள்.

"கடிச்சு எச்சில் பண்ணுவா. யார் தொடைக்கிறது?"

"நானே தொடைக்கிறேங்க."

"இன்னிக்கு நீங்க தொடைப்பீங்க. நாளைக்கு?"

அந்த நாளை வரவே இல்லை. இரண்டு மாதம் ஓடிவிட்டது. நர்ஸ் சொன்ன கெடுவுக்கு இருபது நாள்தான் பாக்கி. அப்போதுதான் கூடத்தை நடத்தும் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியம்மா பார்வையிட வந்தார்.

அன்றைக்கு அலமாரி திறந்தது. சாவியம்மா பொம்மைகளை உயர வாரியாக வரிசை கட்டினாள், உறையைப் பிரிக்காமலே.

"பிள்ளைங்களப் பிடிச்சு வெச்சுக்குங்க. மேடம் போனதும் உள்ள வெச்சிடுவேன்."

அதிகாரியம்மா வந்ததும் சாவியம்மாவுக்கு வாயெல்லாம் பல். "எட்டு மாசம் ஆச்சுங்க மேடம். ஒண்ணு உடையல, ஒண்ணுல கீறல் கிடையாது" என்றாள், பதக்கத்துக்குக் கழுத்தை நீட்டுகிறவள் போல.

அந்த அம்மாளும் லேசுப்பட்டவர் இல்லை. குழந்தைகளை ஏறிட்டும் பாராமல் எழுதிக்கொண்டே சொன்னார். "அப்ப இங்க தேவையே இல்லபோல. பொம்மை கேட்டுக்கிட்டு நாலு இடம் காத்திருக்கு, இதையெல்லாம் அங்க அனுப்பிடலாம். இந்த அறையையும் வேற எதுக்காவது எடுத்துக்கலாம்."

"நாற்காலி அடுக்க வசதியா இருக்கும் மேடம்" என்றாள் சாவியம்மா. முகத்தில் என்ன நிம்மதி!

தையல்காரி எழுந்தாள்.

"தேவை இல்லாம இல்லீங்க. பூட்டிக் கிடந்துச்சு."

"ஓசியில வந்து உக்காந்துட்டுப் பேச்சப் பாரு" என்றாள் சாவியம்மா.

நூல் நறுக்கும் குட்டிக் கத்தரி எப்போதும் தையல்காரியின் பையில் இருக்கும். அதை எடுத்துச் சிவப்பு வண்டியின் உறையை ஒரே இழுப்பில் கிழித்தாள். வண்டியை மகள் முன்னால் வைத்தாள். குழந்தை முதலில் கைப்பிடியைக் கடித்தது. பிறகு பிடித்து எழுந்தது. வண்டி நகர, கூடவே காலும் நகர்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அதற்குள் சாவியம்மா துணியோடு ஓடிவந்து, குழந்தை பிடித்திருக்கும்போதே கைப்பிடியைத் துடைக்க ஆரம்பித்தாள். குழந்தை பொத்தென்று உட்கார்ந்து அலறியது.

அப்போதுதான் அதிகாரியம்மா தலையை நிமிர்த்தினார். துணியைப் பார்த்தார். அன்றைய பரபரப்பில் துடைக்க விட்டுப்போய்க் கண்ணாடியில் இருந்த மூக்குத் தடங்களையும் பார்த்தார்.

"அந்தத் துணிய வெச்சிட்டு சாவியக் குடுங்க."

சாவி இப்போது வாசலில் ஆணியில் தொங்குகிறது. பதினெட்டாம் நாள் நர்ஸ் வீட்டுக்கே தையல்காரியின் மகள் நடந்து போனாள், பாதி தூரம் வண்டியோடு, மீதி தூரம் வண்டியை அம்மா தூக்கிக்கொள்ள. கட்டில் காலில் இருந்த முடிச்சை அவிழ்த்தாயிற்று.

போன வாரம் நாத்தனார் சாவியம்மாவைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு அண்ணி. ஒரு மணி நேரம் பேசினோம். நின்னுக்கிட்டேதான்."

தலைமை அலுவலகத்துக் கிடங்கில் இருக்கிறாள் சாவியம்மா. அங்கே இருநூறு நாற்காலிகளுக்கு அவள்தான் பொறுப்பு.