நான் எழுதிக்கொடுத்த பிறந்த தேதி

பதினாறு வயதுப் பெண்ணுக்கு இருபத்தொன்று என்று சான்றிதழ் எழுதிக் கையெழுத்திட்டவன் நான். முசரவாக்கத்தில் அப்போது தலைமையாசிரியர். அதைக் காட்டித்தான் ஓர் ஏஜெண்டு அஞ்சலையை வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்கு அனுப்பினான்.

இப்போது டொரண்டோவில் மகன் வீட்டில் இருக்கிறேன். பனிக்காலத்தில் கிழவர்கள் நடப்பதற்கு இங்கே மால்தான். அதன் கழிவறைக் கதவில் ஆள்கடத்தலில் சிக்கியவர்களுக்காகப் பல மொழிகளில் ஒரு நோட்டீஸ், தமிழிலும்: ‘உங்கள் பாஸ்போர்ட்டை வேறு யாராவது வைத்திருக்கிறார்களா?’ நம்மூரில் அந்த இடத்தில் மூல வைத்தியர் விளம்பரம்தான் இருக்கும். தினமும் அதைப் படித்துவிட்டு வருகிறேன்.

வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடும் பிள்ளைக்கு ஐந்து வயது. தேதி தெரியாவிட்டால் ஜூன் ஒன்று. ஒன்றாம் வகுப்பில் அப்படித்தான் சேர்ப்போம், அஞ்சலையையும் அப்படித்தான் சேர்த்தேன். அதைப் புண்ணியம் என்றே நினைத்திருந்தேன். அதனால் அவள் அம்மா, “வருசத்த மட்டும் கொஞ்சம் மாத்திக் குடுங்க சார், பொண்ணு நல்லா இருப்பா” என்றபோது தயங்கவில்லை. போன இடத்தில் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு ஐந்து வருடம் வாசலைத் தாண்டவிடவில்லை. திரும்பி வந்து ஏஜெண்டு மேல் வழக்குத் தொடுத்தாள். மேஜர் பெண், விரும்பித்தான் போனாள் என்று ஏஜெண்டு என் சான்றிதழை நீட்டினான்.

இங்குள்ள காவல் நிலையத்தில் போய் ஒப்புக்கொள்ளப் பார்த்தேன். மால் நோட்டீஸைப் படித்துவிட்டு வந்தேன் என்றதும் அங்கிருந்த பெண் அதிகாரி, “உங்கள் பாஸ்போர்ட் யாரிடம்?” என்று கேட்டார்.

“மகனிடம்.”

“தனியாக வெளியே விடுவாரா?”

“பனி பெய்தால் விடமாட்டான்.”

பரிதாபமாகப் பார்த்துத் தண்ணீர் கொடுத்தார்.

கடைசியில் காஞ்சிபுரம் நீதிமன்றத்துக்கே எழுதினேன். சான்றிதழ் பொய், சேர்க்கைப் பதிவேட்டில் இருப்பதே வயது. சிறுமியின் சம்மதம் சட்டத்தில் சம்மதமே அல்ல. வழக்கில் அவள் ஜெயித்துவிடுவாள் என்று நம்பினேன். எதிர்த்தரப்பு வக்கீல் பதிவேட்டைப் புரட்டினாராம். பக்கத்துக்குப் பாதிப் பேர் ஜூன் ஒன்றில் பிறந்திருந்தார்கள். இவர் எழுதியதில் எதைத்தான் நம்புவது என்று கேட்டாராம்.

அஞ்சலை பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூல் முறுக்கும் இடத்திலிருந்து போனில் பேசினாள். “லெட்டரு பத்தாதாம் சார். நேர்ல வந்து சொல்லணுமாம்.”

“வந்தா என்னையும் உள்ள வெச்சிடுவாங்கம்மா.”

“வெக்கட்டுமே. நான் அஞ்சு வருசம் இருந்துட்டு வரலையா?” சிரித்தாள். பிறகு, “நெசமா நான் என்னிக்கு சார் பொறந்தேன்?”

தெரியவில்லை. பள்ளியில் சேர்த்த அன்று அவள் விரல் தானாகக் காதைத் தொட்டதா, நான்தான் கையை இழுத்துத் தொடவைத்தேனா என்பதும் நினைவில்லை.

மகனிடமிருந்து பாஸ்போர்ட்டை வாங்கிவிட்டேன். போவதற்கு மட்டும் டிக்கெட் எடுத்திருக்கிறேன். பாஸ்போர்ட்டில் என் பிறந்த தேதியும் ஜூன் ஒன்றுதான். யார் போட்டதோ. இந்த வீட்டில் வருடாவருடம் அன்றைக்கு எனக்குக் கேக் வெட்டுகிறார்கள்.