ஞாயிற்றுக்கிழமைப் பாசி

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மணி அடிக்கும்போது நான் பின்முற்றத்தில் குந்தி உட்கார்ந்து கல் தேய்த்துக்கொண்டிருப்பேன். பாளையங்கோட்டைக்குத் தெற்கே ஐந்து மைலில் இருக்கிற எங்கள் கிறிஸ்தவத் தெருவில் இதைவிடப் பெரிய அக்கிரமம் கிடையாது. ஓய்வுநாளில் ஊசியில் நூல் கோர்க்கவும் யோசிக்கிற ஜனங்கள் நாங்கள். போதகர் இரண்டு தடவை வந்து புத்தி சொல்லிப் பார்த்தார். தெருப் பெண்கள் ஜாடை பேசி ஓய்ந்துவிட்டார்கள். பேசட்டும். ஒரு காலத்தில் அவர்கள் எல்லாரையும்விடக் கறாராக அந்த நாளை ஆசரித்தவள் நான்தான்.

வீடு என் மாமனார் கட்டியது. அடுக்களைக்கும் கிணற்றுக்கும் நடுவே கருங்கல் பலகை பாவிய முற்றம். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே விரற்கடைச் சந்து. அந்தச் சந்தில்தான் அறுகும் கோரையும் குப்பைமேனியும் முளைத்துத் தொலைக்கும். மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த என் வீட்டுக்காரர், நாலு புல் நின்றால் நம்மையா கடிக்கப்போகிறது என்பார். எனக்கு உடம்பெல்லாம் எரியும். பழைய தோசைத் திருப்பியின் முனையைத் தட்டிக் கூராக்கி வைத்திருந்தேன். அதைச் சந்தில் விட்டு நெம்பினால் கோரைக்கிழங்கு வேரோடு வரும். மேலாகப் பிய்த்துவிட்டுக் கிழங்கை உள்ளேயே விடுகிறவளைக் கண்டால் எனக்கு ஆகாது. கருவாட்டுப் பானை கழுவிய உப்புத் தண்ணீரையும் சந்தில் ஊற்றுவேன். ஆராதனை முடிந்து பெண்கள் எங்கள் வீட்டுக்கு வந்து கொஞ்சம் இருந்துவிட்டுப் போவார்கள். உங்கள் முற்றத்தில் இலை இல்லாமலே சோறு போட்டுச் சாப்பிடலாம் என்பார்கள். மிஷன் துரைசானியம்மாளே ஒருதரம் நின்று பார்த்துவிட்டுப் போனாள். அந்த ஒரு வார்த்தைக்காக வாரம் முழுவதும் முதுகு ஒடிவேன்.

ஒரு வருஷம் ஐப்பசியில் என் வீட்டுக்காரரின் தங்கை பேறுகாலத்துக்கு வந்திருந்தாள். திசையன்விளையில் கட்டிக்கொடுத்திருந்தோம். தாய் தகப்பன் இல்லாதவள், அதனால் அவளுக்கு எங்கள் வீடுதான் பிறந்த வீடு. முன்னே இரண்டு தடவை நாலாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தது. இது எட்டு மாதம் தாண்டி நின்றது. புகுந்த வீட்டில் இதற்குள்ளாகவே அவளைக் கரித்துக் கொட்டத் தொடங்கியிருந்தார்கள். உதைக்கிறது, உதைக்கிறது என்று என் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொள்வாள். எனக்கு மூன்று பிள்ளைகள். அவளுக்கு இதுவாவது தங்க வேண்டுமே என்று நான் முழங்காலில் நின்று ஜெபித்தது கொஞ்சமல்ல.

புதன்கிழமை பிடித்த மழை சனிக்கிழமை மத்தியானம்தான் விட்டது. சந்துகளில் புல் விரல் நீளத்துக்கு எழும்பி நின்றது. கல்மேல் பாசி படர்ந்திருந்தது. மறுநாள் சமையலையும் அன்றைக்கே முடித்து, தண்ணீரும் இறைத்து வைத்துவிட வேண்டும். எங்கள் வழக்கம் அது. மிச்சம் இருந்த பொழுதில் புல்லை எடுக்கலாம், அல்லது பாசியைத் தேய்க்கலாம். நான் புல்லை எடுத்தேன். ஏன் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். புல் வருகிறவர்கள் கண்ணில் படும், பாசி நனைந்த கல்லோடு கல்லாகக் கிடக்கும். இருட்டும்வரை நெம்பினேன். சந்தில் கிடந்த சேறெல்லாம் மேலே வந்தது. திரும்பவும் தூறல் போட்டு அந்தச் சேற்றைப் பாசிமேல் மெழுகிவிட்டது.

ஞாயிறு காலையில் ஒரு பெண் மாட்டுக்குக் கழுநீர் எடுக்க வந்தாள். பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வயல்வேலைக்குப் போகிறவள், கிறிஸ்தவள் அல்ல. வாரத்தில் இரண்டு நாள் எனக்கு வீட்டு வேலையும் செய்வாள். முற்றத்தில் கால் வைத்ததும் சறுக்கி, கிணற்றுத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, கல்லு வழுக்குது. பிள்ளத்தாச்சி நடமாடுத எடம். ஒரு கை சாம்பலப் போட்டுத் தேச்சிட்டுப் போயிருதேன்."

வேண்டாம் என்றேன். உனக்கு ஞாயிறு இல்லாவிட்டாலும் இந்த வீட்டுக்கு உண்டு, வேலைக்காரி கையாலும் அன்றைக்கு வேலை ஆகக்கூடாதென்று கட்டளையே இருக்கிறது என்று ஒரு பிரசங்கம் வைத்தேன். அவள் விடவில்லை. தேய்க்க வேண்டாம், சும்மா தூவியாவது விடுகிறேன் என்றாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. நான் முதுகொடிந்து புல் எடுத்த முற்றத்தில் இவள் சாம்பலைக் கொட்டி அசிங்கம் பண்ணுவாளாம், கோயில் விட்டு வருகிறவர்கள் அதைப் பார்ப்பார்களாம்.

"சொன்னாக் கேக்கமாட்டியா? நாளைக்கு வந்து தேய்," என்றேன்.

அவள் கழுநீரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

முதல் மணி அடித்தது. நான் அறைக்குள் சேலை மாற்றிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை இறைத்து வைத்த தண்ணீர் தீர்ந்துபோயிருந்ததை நான் கவனிக்கவில்லை. என் நாத்தனாருக்குத் தாகம். என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று அவளே செம்பை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போயிருக்கிறாள். செம்பு கல்லில் விழுந்து உருண்ட சத்தம்தான் எனக்குக் கேட்டது. அவள் சத்தமே போடவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தபோது இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்தாள். சேலையெல்லாம் பச்சை.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டுவதற்குள் வலி கண்டுவிட்டது. மத்தியானத்துக்குள் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. அழவில்லை. மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்துத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாள். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை என்பதால் பாட்டும் ஜெபமும் இல்லை. கல்லறைத் தோட்டத்து மதிலோரம் என் வீட்டுக்காரரே குழி வெட்டிப் புதைத்தார். ஓய்வுநாளில் மண்வெட்டி பிடித்தார். அதை ஒருவரும் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் அந்தப் பெண் வந்தாள். நடந்தது அவளுக்குத் தெரியும். நான் வரச் சொன்ன நாள், வந்தாள். சாம்பலை அள்ளிப் போட்டு, தேங்காய்த் தும்பை எடுத்துக் கிணற்றடியிலிருந்து தேய்க்க ஆரம்பித்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. உள்ளே போய் நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கண் திறக்காமல் கேட்டாள்.

"அங்கன என்ன சத்தம், மைனி?"

"அவ பாசி தேய்க்கா."

என் கையைத் தேடிப் பிடித்தாள்.

"நல்லாத் தேய்க்கச் சொல்லுங்க மைனி. ஒங்க பிள்ளைகள் ஓடியாடுத எடம்."