மாப்பிள்ளைக்கு வைத்தியம்

புறங்கையை மோட்டாரின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார் பாஸ்கல். குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற தோரணைதான். உள்ளங்கையை வைக்கமாட்டார். மின்சாரம் கசிந்தால் உள்ளங்கை பற்றிக்கொள்ளும், புறங்கை உதறிக்கொண்டு வந்துவிடும் என்பது அவர் கணக்கு. அதற்கு முன்பே கைக்கடிகாரமும் மோதிரமும் சட்டைப்பைக்குள் போயிருக்கும்; நெற்றியிலிருந்து மார்புவரை சிலுவைக்குறியும் போட்டாகியிருக்கும். "காய்ச்சல் இல்ல. ஆனா மூஞ்சத் தூக்கி வச்சிகினு கீறாரு" என்பார், கண்ணைத் திறக்காமலே.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வால்வு உதிரிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் எலக்ட்ரீஷியன் அவர். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருகிறவர். எதிர்க்காற்று அடித்தால் வழிநெடுக அதைத் திட்டிக்கொண்டு வருவார். பின்காற்று அடித்த நாளில் சீக்கிரம் வந்துவிட்டால், எல்லாம் தன் மிதியின் பலம் என்பார்.

அவர் முகம் தூக்கி வைத்திருப்பதாகச் சொன்னது, எழுபத்தேழாம் வருடக் கடைசியில் கப்பலில் வந்திறங்கிய துளையிடும் இயந்திரத்தை. ஓட்டை போட்ட காகித நாடாவைக் கொடுத்தால், அதைப் படித்து, இரும்புத் தகட்டைத் தானே நகர்த்தி, குறித்த இடத்தில் துளை போடும். நகர்த்துபவை இரண்டு ஸ்டெப்பர் மோட்டார்கள். மற்ற மோட்டார்களைப் போல ஒரே ஓட்டமாக ஓடாமல், ஒவ்வொரு எட்டாக எடுத்து வைத்து டிக் டிக்கென்று சுற்றுபவை. இந்த இயந்திரத்துக்குத் தனி அறை, தனி மின்விசிறி, தரைக்குப் புதுச் சிமெண்டு. "கேட்டதெல்லாம் செஞ்சாச்சி. இன்னும் மொறைச்சிகினு நின்னா மாப்ளய இன்னாத்த பண்றது?" என்று பாஸ்கல் ஒருநாள் அலுத்துக்கொண்டார். அன்றிலிருந்து தொழிற்சாலை முழுவதற்கும் அது மாப்பிள்ளை.

சில வாரங்களாக மாப்பிள்ளை மதியச் சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்பு நின்றுவிடுகிறார். இடது பக்க மோட்டார் எட்டு வைக்க மறுக்கும். எல்லாரும் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். அவருக்கும் பசி வேளை இருக்காதா என்று எல்லாரும் சிரித்தார்கள், தேவராஜைத் தவிர. இயந்திரத்தை ஓட்டுகிறவன் அவன்தான். வேலை நிரந்தரமாக இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. "இன்னொரு தடவை நின்னா உன்னைப் பழைய கைமிஷினுக்கே அனுப்பிடுவேன். பெர்மனென்ட் பேச்சும் அதோட போச்சு" என்று சூப்பர்வைசர் கங்காதரன் சொல்லிவிட்டார்.

பாஸ்கல் இயந்திரத்தை விசாரிக்கும் முன் ஆளை விசாரிப்பார்.

"இன்னா நைனா, நிக்கறதுக்கு முன்னாடி எதுனா சத்தம் போட்டுச்சா?"

"ஒண்ணியும் போடல அண்ணாத்தே. கம்முனு நின்னுடுச்சி."

"நீ திட்டினியா?"

"சத்தியமா இல்ல."

"திட்டிப் பாத்திருக்கலாம்."

மறுநாள் காலையில் இரண்டு மோட்டார்களின் ஒயர்களையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பூட்டி, தகடு வைக்காமல் வெறுமனே ஓடவிட்டார். சாப்பாட்டு மணிக்கு முன்பு வழக்கம்போல் ஒன்று நின்றது. ஆனால் இந்த முறை நின்றது வலது மோட்டார். இடது தன் பாட்டுக்கு எட்டு வைத்துக்கொண்டிருந்தது.

"மோட்டார் யோக்கியன்டா. அதுக்குக் கரண்டு குடுக்கற பொட்டிதான் வேலைய காட்டுது."

சுவரோரம் இருந்த மின்பெட்டியை நோக்கி வேகமாக நடந்தவர், பாதி வழியில் நின்றுவிட்டார். பெட்டியின் தலையில், காற்றுப் போக விட்டிருந்த துளைகளை அடைத்துக்கொண்டு, வரிசையாக டிபன் கேரியர்கள்.

பெட்டி எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். அதன்மேல் முதன்முதலில் கேரியரைக் கொண்டுபோய் வைத்தவர் பாஸ்கலேதான். மனைவி சகாயம்மாள் வைக்கிற மீன்குழம்பு ஆறிப்போனால் அவருக்குத் தொண்டையில் இறங்காது. அவரைப் பார்த்து ஒவ்வொருவராக வைக்க ஆரம்பித்தார்கள். மேலே மூச்சு அடைபட, உள்ளே சூடு ஏறி, கேரியர்களுக்கு நேர் அடியிலிருந்த, வழக்கமாக இடது மோட்டாருக்கு மின்சாரம் தரும் பகுதி தன்னைக் காத்துக்கொள்ள மின்சாரத்தை நிறுத்தியிருக்கிறது. மணியடித்ததும் கேரியர்கள் இறங்கும், பெட்டி ஆறும், மாப்பிள்ளை கிளம்புவார்.

பாஸ்கல் பிடரியைச் சொறிந்துகொண்டு நிற்கையில் கங்காதரன் வந்துவிட்டார். பின்னாலேயே சாப்பாட்டுக்கு வந்த கூட்டம்.

"நின்னுடுச்சா? தேவராஜ், கிளம்புப்பா."

"அவன் மேல ஒண்ணும் இல்ல சார்" என்று பாஸ்கல் பெட்டியைக் காட்டி, நடந்ததை விளக்கினார்.

கங்காதரன் துளைகளைக் குனிந்து பார்த்தார். முகம் சிவந்தது. "சரி, அவன் இங்கேயே இருக்கட்டும். இதெல்லாம் யாரோடது? அத்தனை பேருக்கும் மெமோ."

பாஸ்கல் கேரியர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கையில் மாட்டிக்கொள்ளத் தொடங்கினார்.

"எல்லாம் என்னுது சார்."

ஒன்றைப் பிடித்து நிறுத்தி, மூடியில் வெட்டியிருந்த பெயரைப் படித்தார் கங்காதரன். "குப்பம்மா. யாருய்யா இது?"

"சின்னம்மா சார்."

"நாகவல்லி?"

"அத்தை."

"மூணு தலைமுறையா சர்ச்சுக்குப் போற குடும்பம்னு நீதானேய்யா சொன்னே?"

"பொண்ணு குடுத்து எடுத்ததுல கலந்துகினு போச்சி சார்."

யாரோ இருமுவதுபோல் சிரிப்பை அடக்கினார்கள். கங்காதரன் கேரியரை விட்டுவிட்டார். பாஸ்கல் அதையும் வாங்கி மாட்டிக்கொண்டார். இரண்டு கையிலும் முழங்கைவரை கேரியர்கள். நகர்ந்தால் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. பெட்டி ஆறட்டும் என்று அப்படியே சற்று நேரம் நின்றார். பிறகு, கை ஒழியாததால், தேவராஜைப் பார்த்து இயந்திரத்தைக் கிளப்பும் பச்சைப் பொத்தானை மோவாயால் காட்டினார்.