நான் ஒளித்து வைக்கிற ஒரு மணித்தியாலம்

கடற்கரைக்கு ஆள் அனுப்புகிற தொழிலில் கடலைப் பற்றி யாருக்கும் கவலையில்லை; உயிர் போகிற கவலையெல்லாம் துறைமுகத்தில் நிற்கிற கப்பலைப் பற்றித்தான். கொழும்புக்கு வருகிற உல்லாசக் கப்பல் காலையில் வந்து சாயங்காலம் போய்விடும். அதற்குள் பயணிகள் கடலில் குளிக்க வேண்டும், மணலில் படுக்க வேண்டும், இறால் சாப்பிட வேண்டும், திரும்பிப் போய் ஏறவும் வேண்டும். இதற்கெல்லாம் திட்டம் போட்டுக் கொடுப்பது நான். இருப்பதோ ஹட்டன் நகரத்தில், முஸ்லிம் நானா ஒருவரின் ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில். ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம் உள்ளே வந்து உட்காரும். இணையத்தில் முன்பதிவு எடுப்பதும் போனில் விரட்டுவதும் என் வேலை. கொழும்பில் வேன் ஓட்டுவது என் வீட்டுக்காரர்.

எங்களால் ஒரே ஒரு ஆளையாவது கப்பல் விட்டுவிட்டுப் போனால் போதும், எங்களுக்கு வேலை தருகிற முகவர் அன்றைக்கே கைகழுவி விடுவார். அதைச் சொல்லித்தான் எங்களைச் சேர்த்தார். அதனால் கப்பலில் ஏற வேண்டிய நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளித்தான் எல்லோரிடமும் சொல்வேன். பச்சைப் பொய்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர்களும் கல்யாணத்துக்கு பஸ் பிடித்துக் கொடுக்கிறவர்களும் என்னைக் கோபிக்க மாட்டார்கள். அவர்களும் இதே பொய்யைச் சொல்லிப் பிழைக்கிறவர்கள்தானே.

டயருக்குக் கல்

எங்கள் முதல் பயணம் நீர்கொழும்புக்கு. வயதான ஜெர்மன் தம்பதி. என் வீட்டுக்காரர் மஸ்கெலியாப் பாதையில் வேன் ஓட்டிப் பழகியவர். மலையில் வண்டியை நிறுத்தினால் ஹேண்ட்பிரேக்கை நம்ப மாட்டார்கள். டயருக்குப் பின்னால் ஒரு கல்லைப் போட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். அந்தப் பழக்கத்தில் மனிதர் கடற்கரை மணலுக்குள்ளேயே வேனை இறக்கி, எங்கேயோ தேடிப் பிடித்து ஒரு கருங்கல்லையும் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

புறப்படுகிற நேரம் பார்த்தால் டயர் பாதி மணலுக்குள். கல்லைக் காணவே இல்லை. கிளப்பக் கிளப்ப வேன் இன்னும் இறங்கியது. இங்கே என் போனில் வேனைக் காட்டுகிற புள்ளி அசையாமல் நிற்கிறது. கடைசியில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்த மீனவர்கள் வலைக்கயிற்றைக் கட்டி வேனை இழுத்துப் போட்டார்கள். ஏணியைத் தூக்கப் போகிற சமயத்தில்தான் அந்த இருவரும் கப்பலேறினார்கள். பொய் சொல்வதென்று நான் முடிவெடுத்தது அன்றைக்குத்தான். கயிற்றைச் சுருட்டிக்கொண்டே ஒரு மீனவர் என் வீட்டுக்காரரிடம் சொன்னாராம்: "வண்டி உருண்டு எங்கயும் போகாது அண்ணே. இங்க போனா கீழதான் போகும்."

சுண்டுவிரல் அகலம்

காலையில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டம், மத்தியானம் பெந்தோட்டையில் கடல் குளியல், சாயங்காலம் கப்பல். இப்படி ஒரே நாளில் கேட்கிறவர்கள் மாதத்துக்கு இரண்டு பேராவது வருவார்கள். கித்துல்கலைக்கு மேலே பாதை எப்படி வளையும், ஒரு தேயிலைக் கொழுந்து லொறி முன்னால் மாட்டினால் என்ன ஆகும் என்று நான் விளக்குவேன். முடியாது என்று சொல்வதில் எனக்கு வெட்கமே கிடையாது. ஒருவர் மட்டும் விடாமல் வாதாடினார். கப்பலிலிருந்தே போன், கையில் இலங்கைப் படம். நான் அவரை ஏமாற்றப் பார்க்கிறேன் என்றே முடிவு கட்டிவிட்டார். "படத்தில் என் சுண்டுவிரல் அகலம்தான் இருக்கிறது, அதற்குப் போய் அரை நாள் கேட்கிறீர்களே?"

தண்ணீரை விட்டு வராத அம்மா

சென்னையிலிருந்து வந்த கப்பலில் ஒரு ஓய்வுபெற்ற அதிகாரியும் மனைவியும். கல்கிசைக் கடற்கரைக்குப் போனார்கள். அவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குடையின் கீழ் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா சேலையோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றார். நான் சொன்ன நேரம் வந்தது, போனது. கணவர் கரையிலிருந்து கூப்பிட்டார், அதட்டினார், கெஞ்சினார். அந்த அம்மா திரும்பியே பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் போனைக் கடல் பக்கம் காட்டினார். அலைச் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. ஒளித்து வைத்த மணித்தியாலம் கரைகிறது, அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவும் முடியாது. போதாக்குறைக்குத் திரும்பும் வழியில் ரயில் கேட்டும் மூடியிருக்குமே.

அப்படியே மூடியும் இருந்தது. எப்படியோ ஏறிவிட்டார்கள். அந்த அம்மாவை நான் நன்றாகத் திட்டியிருப்பேன், என் வீட்டுக்காரர் தண்ணீருக்குள் போய்க் கூப்பிட்டபோது அவர் சொன்ன பதிலைக் கேட்டிருக்காவிட்டால்: "கல்யாணமாகி மெட்ராஸ் வந்த நாள்லேருந்து கேக்குறேன் தம்பி, இவருக்குக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போக நேரமே கெடைக்கல. இன்னும் அஞ்சு நிமிஷம்."

வண்டி மாற்றுதல்

பெந்தோட்டையிலிருந்து திரும்புகிற வழியில் ஒரு பஸ்ஸும் லொறியும் மோதிக்கொண்டு பாதையை அடைத்துவிட்டன. வேனில் நான்கு பேர். முன்னுக்குப் போக முடியாது, திரும்பிச் சுற்றிப் போனால் நேரம் போதாது. பொலிஸார் வந்து எடுக்கிற வரைக்கும் இருந்தால் கப்பல் இருக்காது. நல்லவேளையாக இந்தத் தொல்லைக்கு மட்டும் எங்கள் ஆட்களிடம் பழைய மருந்து உண்டு. மலையில் மண்சரிந்து பாதை மூடினால் யாரும் மண் அள்ளி முடிக்கட்டும் என்று காத்திருப்பதில்லை. இந்தப் பக்கத்து ஆட்கள் மண்ணைத் தாண்டி அந்தப் பக்கத்து வண்டியில் ஏறுவார்கள், அந்தப் பக்கத்து ஆட்கள் இங்கே வருவார்கள். வண்டிகள் வந்த வழியே திரும்பிப் போகும்.

அதையே செய்யச் சொன்னேன். என் வீட்டுக்காரர் நான்கு பேரையும் இறக்கி, நொறுங்கிய பஸ்ஸுக்குப் பக்கத்தால் நடத்திக் கூட்டிப் போய், எதிர்ப்பக்கம் மாட்டியிருந்த ஒரு வேன்காரரிடம் சிங்களத்தில் பேசி முடித்தார். சாவியை ஆளுக்காள் மாற்றிக்கொண்டார்கள். முன்பின் தெரியாத மனிதரின் வேனில் எங்கள் பயணிகள் துறைமுகம் போய்ச் சேர்ந்தார்கள். இறங்கும்போது ஒரு பயணி, இதற்கெல்லாம் எங்கே பயிற்சி கொடுக்கிறார்கள் என்று கேட்டாராம். என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்: "எங்க ஊர் மழைதாங்க வருசா வருசம் சொல்லிக் குடுக்குது."

கடலைப் பார்க்க மட்டும் வருகிறவர்

அடுத்து வந்தவர் பயணி இல்லை. டயகமப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, பெயர் சுதா. கப்பலில் அறை துப்புரவு செய்கிற வேலை. கப்பல் கொழும்பில் நிற்கும் பகலில் தன்னைக் கொஞ்ச நேரம் வெளியே விடுவார்கள், அப்பாவைக் கடற்கரைக்குக் கூட்டி வர முடியுமா அக்கா என்று போனில் கேட்டாள். அவள் வேலைக்குப் போனது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. தண்ணீர் மேலே பொம்பளைப் பிள்ளைக்கு என்ன வேலை என்று கத்தினாராம். அவள் புறப்பட்ட அன்று, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகிறேன் என்று லயத்து வீட்டை விட்டுப் போனவர், வழியனுப்ப வரவேயில்லை. அதற்குப் பிறகு போனில்கூடப் பேசுவதில்லை. இந்த முறையை விட்டால் அந்தக் கப்பல் இனி இந்தப் பக்கம் வரப் போவதுமில்லை.

எனக்கு ஒத்துக்கொள்ளப் பயமாக இருந்தது. கப்பல் ஊழியருக்கு வெளியே போக அனுமதி உண்டா இல்லையா என்பது முதல் நாள் சாயங்காலம்தான் தெரியும். பிந்தினால் அவளுக்கு வேலை போகும், எங்களுக்கும் போகும். இருந்தாலும் அந்தக் குரலுக்கு முடியாது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் கடலோரக் காலிமுகத்திடலை இடமாகப் போட்டேன். அனுமதி கிடைத்ததும் அப்பாவுக்குப் போன் எடுத்து, விடியக் கருக்கலில் ஹட்டன் வேன் ஒன்று வரும், மகளைப் பார்க்கப் போகலாம் என்றேன். அவர் உடனே என்னைத் திருத்தினார்: "அவளப் பார்க்க எல்லாம் நான் வரல பிள்ள. கடல நான் பார்த்ததில்ல, அதப் பார்த்துட்டு வந்துர்றேன்."

தண்ணீர்த் தாங்கி லொறி

இரவெல்லாம் மழை. வட்டவளைக்கு அப்பால் மண்சரிந்து பாதை மூடிவிட்டது என்று அவரை ஏற்றிப் போன வேன்காரர் காலையில் போனில் சொன்னார். வண்டி மாற்றலாம் என்றால் எதிர்ப்பக்கம் நிற்கிறதெல்லாம் பெரிய பஸ். திரும்புவதற்கு அங்கே இடமில்லை. நான் படியிறங்கி ஓடினேன். கீழே கடைக்கார நானா யாரோடோ போனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய சின்ன லொறியும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தாங்கிகளை ஏற்றிக்கொண்டு வந்து சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தது. நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே டிரைவரிடம் சொன்னார், லொறியைத் திருப்பச் சொல்லி, அந்தப் பெரியவர் மண்ணைத் தாண்டி வந்ததும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கே திரும்பச் சொல்லி. சாமான் பிந்துமே நானா என்றேன். "தாங்கி நாளைக்கி வரட்டும். அது யாரையும் பார்க்கப் போறதில்ல."

மண் அள்ளுகிறவர்கள் சத்தம் போட்டுத் தடுத்தும் கேளாமல், சாரத்தை மடித்துக் கட்டி, சாப்பாட்டுப் பார்சலைத் தலையில் வைத்துக்கொண்டு அப்பா தாண்டிவிட்டார் என்று செய்தி வந்தது. அதற்குப் பிறகு லொறி டிரைவரும் போன் எடுக்கவில்லை. காலிமுகத்திடலில் சுதா ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் திரும்ப வேண்டிய நேரம் நெருங்கியது. ஊழியருக்கு நான் பொய் சொல்ல முடியாது, உண்மையான நேரம் அவளுக்கே தெரியும். ஒளித்து வைக்க என்னிடம் ஒன்றுமில்லை. பிள்ளை அழுகிறாள், கூட்டிக்கொண்டு போய்த் துறைமுகத்தில் விட்டுவிடவா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். என் வாயிலிருந்து வந்த பதிலை நானே நம்பவில்லை. இன்னும் கொஞ்சம் நில்லுங்க என்றேன். அவர் மெதுவாகக் கேட்டார்: "ஊருக்கெல்லாம் நேரம் சொல்லி விரட்டுறவ நீதான ஜெயா?"

காற்றுக்குக் குறுக்கே

லொறி வந்தது. முழங்கால் வரைக்கும் காய்ந்த சேற்றோடு மனிதர் இறங்கினார். மகளும் அப்பாவும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அப்பா பார்சலைப் பிரித்து நீட்டினார். ரொட்டியும் இடித்த மிளகாய்க் கட்டச் சம்பலும். வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுபோகக் கப்பலில் விட மாட்டார்கள். அதனால் அங்கேயே நின்று, அழுதுகொண்டே, கடைசித் துண்டு வரைக்கும் சாப்பிட்டாளாம். உடனே என் வீட்டுக்காரர் அவளை வேனில் ஏற்றித் துறைமுகத்துக்கு விரட்டினார். துறைமுக வாசலில் இறங்கி ஓடினாள். அதன் பிறகு எந்தச் செய்தியும் இல்லை. முகவரின் பெயர் போனில் எப்போது வரும், எப்படிப் பேசப் போகிறோம் என்று நான் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். இருட்டுகிற நேரத்தில் சுதாவின் செய்தி வந்தது. ஏறிவிட்டாள், கடைசி ஆளாக.

மறுநாள் பாதை திறந்து, தாங்கிகளோடு அதே லொறியில் அப்பாவும் ஹட்டனில் வந்து இறங்கினார். மேலே கூட்டிப் போய்ப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் எடுத்து அனுப்பிய படத்தைக் காட்டினேன். சுதா சாப்பிடுகிறாள், எதிரே இவர், இவர் முதுகுக்குப் பின்னால் அவ்வளவு பெரிய கடல். கடல் எப்படிங்க இருந்துச்சு என்று கேட்டேன். அவர் படத்தை வாங்கி, முதல் தடவையாகப் பார்க்கிறவர் மாதிரி உற்றுப் பார்த்தார். "கடல நான் எங்க பிள்ள பார்த்தேன்? காத்து அந்தப் பக்கமிருந்து அடிச்சிச்சு, ரொட்டியில மண் விழும்னு மறைச்சுக்கிட்டு நின்னேன். அவ சாப்பிட்டா, அதத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

எத்தனையோ பேரைக் கடற்கரைக்கு அனுப்பியிருக்கிறேன். கடலைப் பார்க்காமலே திரும்பி வந்து, ஒரு குறையும் சொல்லாமல் போனவர் இவர் ஒருவர்தான்.