குழாயில் வராத தண்ணீரும் கொஸ்லந்தவிலிருந்து வந்த அக்காவும்

பதுளையில் புதிதாகத் திறந்த வளாகமொன்றில் அப்போது நான் மாணவர் நலன் அலுவலர். நலனைத் தவிர மற்றதெல்லாம் என் மேசைக்கு வந்துகொண்டிருந்தது.

ஒருநாள் பதிவாளர் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"மாணவருக்குச் சமூகத்தோட தொடர்பு வேணுமெண்டு மேலிடத்தில சொல்லினம். ஆரையாவது கூட்டிக்கொண்டு வாரும்."

கொஸ்லந்தவில் தோட்டப் பெண்களுக்காக வேலை செய்யும் செல்வமேரி அக்காவையும் அவருடைய தோழிகள் இருவரையும் அழைத்தேன். 'சமூக மாற்றத்தில் பெண்களின் வகிபாகம்' என்று தலைப்பும் கொடுத்தேன்.

அக்கா மைக்கைத் தள்ளி வைத்தார். "அதெல்லாம் சார் நல்லாப் பேசுவாரு. ஒங்க எடத்துல என்ன கொற, மொதல்ல அதச் சொல்லுங்க புள்ளைங்களா." அதையே சிங்களத்திலும் கேட்டார்.

ஒரு மாணவி எழுந்தாள். எல்ல என்ற ஊர்ப்பக்கத் தோட்டத்துப் பிள்ளை. "ஹொஸ்டல்ல தண்ணி வர்றதில்லக்கா. வாளியோட ஓடைக்குப் போறோம்."

"யாருகிட்ட சொன்னீங்க?"

மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது.

"சார் என்ன சொன்னாரு?"

"பாக்குறேன்னாரு."

"எங்க தோட்டத்துத் தொரையும் அதத்தான் சொன்னாரு."

வாழ்நாளில் யாரும் என்னைத் துரையோடு ஒப்பிட்டதில்லை. ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

அக்கா தொடர்ந்தார்: "நாங்க குடியிருக்குற லயத்துக்குப் பைப்பு கேட்டு நாங்க கத்தல, கல்லெறியல. காலையில பேரு எடுக்குற பெரட்டுக்களத்துக்கு எல்லாரும் போனோம். பேரு கூப்புட்டா 'இருக்கேன்'னோம். கொழுந்தெடுக்க மலைக்கு மட்டும் ஏறல."

நன்றியுரை நான்தான் சொன்னேன். மனமாரவும் சொன்னேன்.

மறுநாள் காலை விரிவுரை மண்டபத்துக்கு வெளியே மாணவர்கள் வரிசையாக நின்றார்கள். வரவுத்தாளை வாங்கிக் கையெழுத்திட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். உள்ளே மட்டும் போகவில்லை.

"தொடர்பெண்டுதான் சொன்னனான், இவ்வளவு தொடர்பெண்டு சொல்லேல்லை! போய் அவையளை உள்ளுக்கு அனுப்பும்" என்றார் பதிவாளர்.

போனேன். அந்த எல்லத் தோட்டத்துப் பிள்ளை முன்வரிசையில் நின்றாள். "பெரட்டுக்கு வந்துட்டோம் சார், மலைக்குத்தான் போகல. ஆமா, ஒங்க குவாட்டர்ஸுக்கும் அதே பைப்புதானே?"

அதே பைப்புதான். நான் ஹாலிஎலயில் சிநேகிதன் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு அதுவும் இல்லை.

"அப்ப நில்லுங்க சார்" என்று நகர்ந்து இடம் விட்டாள். நின்றேன்.

"அனுப்பச் சொன்னால் நீர் ஏன் ஐசே நிக்கிறீர்?" மாடியிலிருந்து பதிவாளரின் குரல்.

"சமூகத்தோட தொடர்பில இருக்கிறேன் சேர்!"

மத்தியானம் தண்ணீர் பவுசர் வண்டி வந்தது. அந்த வாரமே புது மோட்டாரும் வந்தது. எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. குளித்துவிட்டுத்தான் பதில் எழுதினேன்.

இளம் அலுவலர்களே, செயற்பாட்டாளர்களை வளாகத்துக்கு அழைக்குமுன் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வந்தால் அவர்களை வீணாக அலைக்கழிக்காதீர்கள்.