அரசாங்கச் சோறும் அரைக்கிலோ ஈயமும்

எங்கள் ஊரான உடப்பில் எடை போடுவது என்றால் அது மீனுக்குத்தான். பிள்ளைகளையும் தராசில் தொங்கவிட்டு எடை போடலாம் என்பது அரசாங்கம் வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

சண்டைக் காலம். கடலில் இறங்குவதற்குத் தடை போட்டிருந்தார்கள். கரைவலை மணலில் கிடந்து காய்ந்தது, அதை இழுக்கிற ஆண்கள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து காய்ந்தார்கள். அந்த நேரத்தில்தான் ஊர் மண்டபத்தில் மத்தியானச் சாப்பாடு தொடங்கியது. பாலர் வகுப்பு, முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும், பார்க்க ஆளில்லாத முதியோருக்கும் அரசாங்கச் செலவில் சோறு. பொறுப்பு என் பெரியம்மாவிடம் இருந்தது. குரலை உயர்த்தாமலே ஊரை அடக்கக்கூடிய பெண். சட்டம் ஒன்றே ஒன்றுதான். மண்டபத்துக்குள் இருந்து சாப்பிட வேண்டும், ஒரு பருக்கை வெளியே போகக்கூடாது.

அந்தச் சட்டத்தை ஊரில் மதித்து நடந்தவள் நான் ஒருத்திதான். எனக்கு ஆறு வயது. தட்டில் போட்டதை முழுவதும் தின்பேன், வழித்துத் தின்பேன், பக்கத்துத் தட்டையும் ஒரு பார்வை பார்ப்பேன். மற்றப் பிள்ளைகள் பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் கொண்டு போனார்கள். புத்தகப் பைக்குள் மூடிபோட்ட டப்பா இருந்தது, சட்டைப் பையில் அவித்த முட்டை இருந்தது. ஒருத்தன் நெத்தலிப் பொரியலைத் தொப்பிக்குள் வைத்துத் தலையில் போட்டுக்கொண்டே போவான், பின்னால் நாலு காகம் போகும். இவ்வளவும் நடக்கும்போது பெரியம்மா வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பானையைக் கழுவிக்கொண்டிருப்பாள். கழுவிய பானையையே திரும்பவும் கழுவுவாள். கெட்டிக்காரி என்று பெயரெடுத்தவளுக்கு இது கண்ணில் படவில்லையே என்று எனக்கு அவள்மேல் கொஞ்சம் இளக்காரம்.

மாதம் ஒரு தடவை சிலாபத்துப் பக்கமிருந்து எடை பார்க்க ஒரு சிங்கள மிஸ் வருவார். கூரை வளையில் தராசைக் கட்டி, நீல நிறத் துணிக் காற்சட்டைக்குள் எங்கள் கால்களை விட்டுத் தொங்கவிடுவார். மூன்றாவது மாதமும் பிள்ளைகளின் எடை இருந்த இடத்தில் இருந்தது. என் எடை மட்டும் ஏறியிருந்தது. மிஸ் என் கன்னத்தைத் தட்டி, "இந்தப் புள்ளயப் பாருங்க, நல்லாச் சாப்புடுது" என்றார். நான் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தேன். யாரும் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை.

பிறகு மிஸ் பெரியம்மாவைப் பார்த்து, "சாப்பாடு குடுக்குறதுதானே, பாரம் கூடல்ல. அடுத்த மாசமும் கூடாட்டி இத மூடிட்டு வேற ஊருக்குக் குடுக்கச் சொல்லுவாங்க. நான் ஒண்டும் செய்ய ஏலாது" என்றார்.

அன்று பின்னேரம் பெரியம்மா வீட்டில் கூட்டம் நடந்தது. கூட்டம் என்றால் பெரியம்மாவும் பெரியப்பாவும்தான். பெரியப்பா கரைவலைக்குச் சொந்தக்காரர். வலை காய்ந்து கிடந்தாலும் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகள் ஒரு பெட்டி நிறைய அவரிடம் இருந்தன. வலையை ஆழத்தில் இருத்துகிற சாமான் பிள்ளையை மட்டும் பாரமாக்காதா என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. கடற்காரனின் மூளை அப்படித்தான் போகும். பெரியம்மா பெரியப்பாவின் பழைய சாரங்களைக் கிழித்து, இடுப்பில் கட்ட நீளமான துணிக்குழாய்கள் தைத்தாள். பெரியப்பா தராசை வைத்துக்கொண்டு குண்டுகளைப் பங்கு போட்டார்.

பங்கு விஷயத்தில் அவர் சத்தியவான். கயிறு பிடித்தவனுக்கெல்லாம் ஒரே பங்கு, கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். அதே நியாயப்படி ஊரிலேயே மெலிந்த பிள்ளைக்கும் அரைக்கிலோ, அதைவிடச் சற்றுத் தேறிய பிள்ளைக்கும் அரைக்கிலோ நிறுத்துக் கொடுத்தார்.

எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். "ஒனக்கென்னத்துக்குப் புள்ள, நீதான் திண்டே ஏறிட்டியே" என்று பெரியம்மா என்னை விலக்கிவிட்டாள்.

அந்த அநியாயம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. சட்டத்தை மீறியவர்களுக்கெல்லாம் இடுப்பில் புதுக் குழாய், சட்டப்படி நடந்தவளுக்கு வெறுங்கை. எடை போடுகிற நாள் காலையில் பெரியப்பா குளிக்கப் போன சமயம் பார்த்து, பெட்டிக்குள் கையை விட்டு அள்ளினேன். வெற்றிலைப் பை ஒன்று கொடியில் தொங்கியது, அது நிறையும்வரை அள்ளி, சட்டைக்குள் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். மண்டபத்துக்கு நடந்து போனேன் என்று சொல்லமுடியாது. வாத்துப்போல அசைந்து போய்ச் சேர்ந்தேன்.

மிஸ் ஒவ்வொருவராகத் தூக்கித் தொங்கவிட்டார். முதல் பிள்ளை அரைக்கிலோ கூடியிருந்தது. மிஸ் சிரித்தார். இரண்டாவது பிள்ளையும் அரைக்கிலோ. மூன்றாவதும் அரைக்கிலோ. ஏழாவது பிள்ளைக்கு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. தராசை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். பத்தாவது பிள்ளையும் அரைக்கிலோதான். பெரியம்மா பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஒரு கரைவலை எரிந்திருக்கும். அவரோ பங்கு சரியாக இருப்பதைக் கண்டு திருப்தியோடு தலையாட்டிக்கொண்டு நின்றார்.

கடைசியாக நான். மிஸ் என்னைத் தூக்கும்போதே ஒரு முனகல் முனகினார். தராசு முள் ஒரே பாய்ச்சலாகப் போய் நின்றது.

"ஒரு மாசத்துல மூணு கிலோவா?"

நான் பெருமையோடு காலை ஆட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது. பையின் முடிச்சு அவிழ்ந்தது. முதலில் ஒரு குண்டு விழுந்தது, பிறகு நாலு, பிறகு மிச்சம் எல்லாம் சீமெந்துத் தரையில் கொட்டி நாலு திசைக்கும் உருண்டன. முதியோர் வரிசையில் இருந்த ஒரு கிழவர் மட்டும் தன் காலடிக்கு வந்ததை எடுத்து, கடற்கரைப் பழக்கத்தில் பல்லால் கடித்துப் பார்த்து, நல்ல ஈயம் என்று சொன்னார்.

மிஸ் குனிந்து ஒன்றை எடுத்தார். இது என்ன என்று என்னிடம் கேட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் நுணலுக்கு ஒருபடி மேல், ஊரையும் சேர்த்துக் கெடுத்தேன்.

"எல்லாருக்கும் குடுத்தாங்க மிஸ். எனக்கு மட்டும் தரல்ல."

பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நான் நிறுத்தவில்லை. மண்டபத்தின் கூரையிலிருந்து தொங்கிக்கொண்டே மிச்ச நியாயத்தையும் சொன்னேன். "இவங்க ஒருத்தரும் முழுக்கத் தின்னுறதில்ல மிஸ். பாதிய வீட்டுக்குக் கொண்டு போறாங்க. நான் மட்டுந்தான் முழுக்கத் தின்னுறன்."

"வீட்டுல யாரு சாப்புடுறது?"

"அவங்கட அப்பாமார்."

"அப்ப ஒங்கட வீட்டுல?"

"எங்கட வீட்டுல ஒருத்தருக்கும் பசிக்கிறதில்ல மிஸ்" என்றேன்.

மிஸ் என்னைத் தராசிலிருந்து இறக்கினார். வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியம்மா தன் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். மண்டபம் போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பெரியப்பா தரையில் தவழ்ந்து ஈயம் பொறுக்கத் தொடங்கிவிட்டார்.

மிஸ் மேசையில் போய் உட்கார்ந்து முதியோர் பெயர்ப் புத்தகத்தைத் திறந்தார். "இந்த ஊர்ல வயசானவங்க இன்னும் நெறய இருக்குறாங்க போல. நான்தான் சரியாப் பாக்கல்ல" என்றார். பெரியம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. பேனாவைத் திறந்துகொண்டு, "பேரச் சொல்லுங்க" என்று மிஸ் திரும்பவும் சொன்னபோது, எங்கள் முன்னால் ஒருநாளும் அழாத பெரியம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேப்பமரத்தடியைப் பார்த்து ஒவ்வொரு பெயராகச் சொன்னாள்.

இப்படியாக ஒரே பகலில் எங்கள் ஊரின் வலை இழுப்பவர்கள் எல்லோரும் அறுபதைத் தாண்டினார்கள். போன ஆவணியில் கல்யாணம் முடித்தவன்கூடக் கிழவனானான். பெண்களில் சிலர் சமையல் உதவிக்கு என்று எழுதப்பட்டார்கள், அதில் என் அம்மாவும் ஒருத்தி. பெரியப்பாவுக்கு எழுபது போட்டதில் அவருக்கு மனவருத்தம். எல்லோருக்கும் ஒரே வயது போட்டிருக்கலாம் என்றார். அடுத்த மாதம் பிள்ளைகள் இடுப்பில் ஒன்றும் கட்டாமலே எடை கூடினார்கள். ஆளுக்கொரு விதமாகக் கூடினார்கள். என் எடை இருந்த இடத்தில் இருந்தது, அதற்காக மிஸ் என்னைக் கவலையோடு பார்த்தார்.

என் அப்பாவும் மறுநாளே மண்டபத்துக்கு வந்தார். கறுத்த முடியும் தடித்த தோளுமாகக் கிழவர்களின் வரிசைக் கடைசியில் உட்கார்ந்தார். நான் ஓடிப்போய், இங்கே இருந்தே முழுவதும் தின்ன வேண்டும், மிச்சம் வைக்கக்கூடாது என்று சட்டத்தைச் சத்தமாகச் சொல்லிக் கொடுத்தேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை. பெரியம்மா கேட்காமலே இரண்டாம் அகப்பையும் போட்டாள். அதற்கும் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆனால் அன்றோடு அவர் ஒரு பழக்கத்தை விட்டுவிட்டார். முன்பெல்லாம் நான் மண்டபத்திலிருந்து வந்ததும் என்னைப் பக்கத்தில் இருத்தி, இண்டைக்கு என்ன கறி என்று கேட்பார். பருப்பு தண்ணியா கெட்டியா, முட்டை பாதியா முழுசா, சோறு எத்தனை அகப்பை என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். நான் உறைப்பும் புளிப்புமாகச் சொல்லச் சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். மண்டபத்துக்கு வரத் தொடங்கிய பிறகு ஒருநாள்கூடக் கேட்கவில்லை. தன் பிள்ளை என்ன தின்றாள் என்று கேட்க இந்த மனிதருக்கு அக்கறை விட்டுப்போயிற்றே என்று இரண்டு நாள் நான் அவரோடு கதைக்கவில்லை.